தெரியுதுங்க டீச்சர்

தைராய்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது நன்றாக இருக்கிறேன். காபி குடிக்கிறேன், வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறேன், பாடவும் பாடுகிறேன். எப்படிப் பாடுகிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் யாரும் குழந்தைகள் இல்லை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இனியாவது தனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டும் என்று படியேறி வருகிறவர்கள். அவர்களிடம் ராக லட்சணம் பேசினால் கொட்டாவி விடுவார்கள். அதனால் உடம்பை வைத்தே சொல்லிக்கொடுப்பேன். கீழ் ஸ்தாயி பாடும்போது நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். அங்கே அதிர வேண்டும். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுத்தால் உதட்டில் எறும்பு ஊருகிற மாதிரி குறுகுறுக்க வேண்டும். மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது உச்சத்தில் இருக்கும் 'ஸ'வுக்குப் போனால் இரண்டு புருவத்துக்கும் நடுவில், மூக்குத் தண்டில், ஒரு ரீங்காரம் தெரிய வேண்டும். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறக் கூடாது, விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். காது ஏமாற்றிவிடும், உடம்பு ஏமாற்றாது என்று வகுப்புக்கு வகுப்பு பிரசங்கம் செய்வேன்.

"தெரியுதுங்களா?" என்று கேட்பேன்.

"தெரியுதுங்க டீச்சர்" என்று எல்லோரும் சேர்ந்தாற்போல் சொல்வார்கள். அப்புறம் என்ன, அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

என் சுருதி ஆறு கட்டை. சுருதி என்பது பாடுகிறவர் தன் குரலுக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளும் ஆதார உயரம். ஆறு என்பது பெண் குரலுக்கே நல்ல உயரம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். சுருதிப் பெட்டியை அதில் வைத்தால் வகுப்பு முழுக்க அதில்தான் பாடும்.

அந்த மேல் ஸட்ஜம்தான் முதலில் தகராறு செய்தது. போகப் போக உடைந்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினேன். என் மாணவிகளில் சாந்தாமணி என்று ஒருவர். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டம் துரவோடு பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான். எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டீங்க. கழுத்து மட்டுமுங்க."

கட்டி இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று என்னோடு சேர்ந்து விழுங்கி ஏறி இறங்கியது.

பிறகு வழக்கமான படிக்கட்டுகள். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலி பெரிதில்லை, ஆனால் 'முழுங்காதீங்க' என்று சொன்ன நிமிடத்திலிருந்து உலகத்து எச்சில் எல்லாம் என் வாயில்தான் ஊறியது. முடிவு நல்லது என்றும் வரவில்லை, கெட்டது என்றும் வரவில்லை. சந்தேகமாக இருக்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

எங்கள் டாக்டரம்மா பொறுமைசாலி. தைராய்டு சுரப்பிக்குப் பின்னாலேயே குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, நூல் மாதிரி மெலிசாக இருக்கும் என்று படம் வரைந்து காட்டினார். கட்டியை எடுக்கும்போது அது இழுபட்டால் ஒரு பக்கத்து நாண் அசையாமல் போகலாம். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், சிலருக்கு முழுசாக வராது. புற்றுநோயா என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். வாயில் வந்தது வேறு.

"பாட முடியுங்களா?"

அவர் பேனாவை மூடிவிட்டு, "அந்த நரம்பை என் கண்ணு மாதிரி பார்த்துக்கறேனுங்க. அதுக்கு மேல சத்தியம் பண்ண முடியாதுங்க" என்றார். பொய் சொல்லாத அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்தாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். கட்டி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், குரல் போகக் கூடாது. அப்போது என் வேண்டுதல் அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் நாண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள். இத்தனை வருடம் எதை வைத்துச் சம்பாதித்தேனோ அதை அன்றைக்குத்தான் டிவியில் பார்த்தேன். வெள்ளை நாடாத் துண்டுகள் இரண்டு, நாம் மூச்சு விடும்போது பிரிகின்றன, சத்தம் போட்டால் நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. "ஈன்னு சொல்லுங்க" என்றார். நான் பழக்க தோஷத்தில் ஆறு கட்டையில் சுத்தமாக ஸட்ஜம் பிடித்தேன். மூக்கில் குழாயோடு. நர்ஸ் சிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றி ஓடவைக்கும் தொழில். வாழ்நாள் முழுக்க இரைச்சலில் நின்றதில் காது பாதிதான் கேட்கும். அதனால் அவர் பேசினால் வார்டு முழுக்கக் கேட்கும். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் யாருக்கு என்ன நோய், யார் வீட்டு போர்வெல்லில் எந்த மோட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது மட்டும் அந்த மனிதர் மோட்டாரை மறந்துவிட்டார். என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே கதவு வரை நடந்து வந்தார். அங்கே விடச் சொன்னார்கள், விட்டார்.

கண் விழித்ததும் 'ஏனுங்க' என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. தொண்டை வலிக்கு அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சாயங்காலம் டாக்டரம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கட்டி நரம்போடு ஒட்டிக் கிடந்ததாம். நரம்பு அறுபடவில்லை, ஆனால் பிரித்தெடுக்கும்போது இழுபட்டிருக்கிறது. இடது நாண் இப்போதைக்கு அசையவில்லை. கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம் என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன். கழுத்தைத் தொட்டால் யாரோ அடுத்தவர் கழுத்தைத் தொடுகிற மாதிரி மரத்துக் கிடந்தது.

பேச்சில்லாத மனைவி கிடைத்த பாக்கியத்தை வீட்டுக்காரர் அனுபவிக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கூப்பிடுவாள் என்று கவலைப்பட்டு, பட்டறையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் பெல்லைக் கழற்றிவந்து கட்டில் கம்பியில் திருகி வைத்தார். "வேணுங்கறப்ப அடி அம்மணி, இது எனக்கே கேக்கும்." ஒரு முறை அடித்தேன். வார்டில் இருந்த எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் வந்து பெல்லைப் பறிமுதல் செய்துகொண்டு போனார். நான் சிரிக்கவும் கூடாது. தையல் இழுத்தது.

அடுத்த நாள் காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், வாயை மூடி 'ம்' என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன். கூடாது என்று சொல்லியிருந்தார்கள், தெரியும். பாடுகிறவளுக்கு அந்தச் சோதனை செய்யாமல் இருக்க முடியாது. சத்தம் என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் உதட்டில் குறுகுறுவென்று ஊறியது! நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த அதே எறும்பு, அதே இடத்தில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தம் பிறகு வரும், இடம் சரியாக விழுந்துவிட்டது, காது ஏமாற்றினாலும் உடம்பு ஏமாற்றாது என்று கட்டிலில் வந்து படுத்துக்கொண்டு கண்ணை மூடி ரசித்தேன். 'ம்' நிறுத்திய பிறகும் குறுகுறுப்பு நிற்கவில்லை. ஆகா, என்ன ஒரு நாதம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியிலும் வந்தது. அடடா, கைவரைக்கும் பரவுகிறதே! இதை நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவருக்கு இதெல்லாம் புரியுமா என்று இருந்துவிட்டேன்.

மதியம் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனபோது விரல்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கோணிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் இரண்டு மாடி நர்ஸுகளும் வந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். தைராய்டின் முதுகில் அரிசி மணி அளவில் நான்கு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பது அவைதான். ஆபரேஷனில் அவை அதிர்ந்துபோய்க் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிட்டால் அந்தச் சத்து குறையும். அப்போது முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுக்கும், பிறகு தசை இழுக்கும். அப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியதைக் கேட்டதாக நினைவு. ஆனால் அது எனக்கு நோயாகத் தெரியவில்லை, ஸங்கீதமாகத் தெரிந்தது. ஊசி வழியாகக் கால்சியம் ஏறியதும் எறும்புகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கை வலிக்காக இல்லை. போனது குறுகுறுப்பு மட்டும் இல்லையே. நீங்கள் யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள், உதடு ஊறினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் சாந்தாமணி வந்தார். அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, மசித்துத் தூக்குப் போசியில் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் உரத்த குரலில் சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போனார். சாந்தாமணி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க பேச முடியாதப்பவே ஒண்ணு சொல்லிப்போட்டுடறேனுங்க. பேச முடிஞ்சா நீங்க விட மாட்டீங்க."

நான் புருவத்தைத் தூக்கினேன்.

"அந்த மூக்குத் தண்டுல வருமின்னு சொல்லுவீங்களே, ரீங்காரம். எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லீங்க. நெஞ்சுலயும் இல்லீங்க."

நான் கையை ஆட்டினேன். தெரியுதுங்க என்றுதானே சொன்னீர்கள் என்று அர்த்தம். அவருக்குப் புரிந்தது.

"சொன்னேனுங்க. எல்லாருந்தான் தெரியுதுன்னாங்க. நான் ஒருத்தி தெரியலைன்னா நல்லாவா இருக்கும்? நீங்க அத்தனை ஆசையாச் சொல்லிக் குடுக்கறீங்க, மனசு சங்கடப்படுமல்லங்க? பொறவு கேட்டா, நம்ம வகுப்புக் கோமதிக்கும் தெரியலியாமுங்க. அவங்களுக்குக் கடவாப் பல்லுல வருதாமா."

எனக்கு வாய் இருந்திருந்தால் அந்த வார்டே அதிர்ந்திருக்கும். இல்லாததால் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு மாணவியை நடுவில் வெட்டாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

"எனக்கு எல்லாம் முதுகுலதானுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கையை வைத்துக் காட்டினார். "இங்கீங்க. நல்லா வர்றப்ப இந்த எடம் சூடாட்டம் ஆகி, உள்ள ஓடுமுங்க. உங்களுக்கு முன்பக்கம் எல்லாம் மரத்துக் கெடக்குதுன்னாரு அண்ணன். பின்னால தேடிப் பாருங்க டீச்சர். அங்க கத்தி படலீங்களே."

அந்தக் கை போசியைப் பிடித்திருந்த சூட்டோடு முதுகில் இருந்தது. நான் அவர் மேல் கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். அவர் ஒரு கரண்டி சாதத்தை ஊட்டிவிட்டார்.

கட்டியின் முடிவும் அன்று சாயங்காலமே வந்தது. புற்று இல்லை. டாக்டரம்மா சொன்னதும் வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டில்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கடுத்த நாள் காலையில் சொன்னவர்கள், இன்சூரன்ஸ்காரர்களின் பதில் வந்து சாயங்காலம்தான் விட்டார்கள். பில் கட்டும் இடத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் முகங்களைப் பார்த்தபோது, நோயை விட அந்த வரிசையில்தான் பயம் அதிகம் என்று தோன்றியது. நர்ஸ் நினைவாகச் சைக்கிள் பெல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

பேச அனுமதி கிடைத்த பிறகு பயிற்சிகள் ஆரம்பமாயின. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி 'ஊ' என்று இழுக்க வேண்டும். தண்ணீரின் எதிர்ப்பு நாண்களுக்கு மெல்ல ஒரு தாங்கல் கொடுக்குமாம். குமிழி வந்தது, குரல் வரவில்லை. பேசினால் நாலு வார்த்தைக்கு மூச்சு வாங்கியது. மூக்குத் தண்டில் தேடினேன், நெஞ்செலும்பில் தேடினேன். ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் இல்லை. இனிப் பாட்டு வகுப்பு வேண்டாம், வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொல்லியும் விட்டேன். அவர் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டார். அந்தக் காதால் எனக்குக் கிடைத்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

சாந்தாமணி சொன்னதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. சொந்த முதுகில் கை வைத்துப் பார்க்க முடியாதே. ஒரு மத்தியானம் இரும்பு பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டு, கீழே, நான் எப்போதும் மதிக்காத உயரத்தில், 'ம்' என்று இழுத்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவில் பீரோக் கதவு லேசாக அதிர்ந்தது. பயந்து நிறுத்தினேன். கால்சியமோ? மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தேன். திரும்ப இழுத்தேன், அதிர்ந்தது. நிறுத்தினேன், நின்றது. என்னை நானே நம்பாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடுதம்மணி" என்றார். "மெதுவாத்தான் ஓடுது. நிறுத்தாத."

அதற்குப் பிறகு தினமும் பீரோதான் எனக்குச் சுருதிப் பெட்டி. அதிர்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக மேலே வந்தேன். அடுத்த முறை கேமரா பார்த்தபோது டாக்டரம்மா திரையைக் காட்டினார். இடது நாண் அப்படியேதான் கிடந்தது. வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அது வரலீங்க, இது போயிருக்குதுங்க" என்றார். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வலது நாணின் மேல் தாங்க முடியாத பாசம் வந்தது. இனி பழைய உயரம் வருமா என்று கேட்டேன். நம்ப வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொன்னார்.

வகுப்பைத் திரும்ப ஆரம்பித்த நாள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு, பலகாரத்தோடு வந்திருந்தார்கள். என் தொண்டைத் தழும்பைப் பார்க்காமல் இருக்க அத்தனை பேரும் பாய்க்கோடுகளைப் பார்த்தார்கள். நான் சுருதிப் பெட்டியை ஆறிலிருந்து நாலு கட்டைக்கு இறக்கினேன். 

"இனி என்ற உசரம் இதுதானுங்க" என்றேன். "எனக்கு முதுகுல தெரியுது. உங்களுக்கு எங்க தெரியுதோ அங்க தேடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். நான் ஒண்ணும் கரைஞ்சு போயிர மாட்டேன்."

ஸட்ஜம் பிடித்தேன். கொஞ்சம் காற்றும் கலந்து வந்தது. அவர்களும் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் அறையில் ஏதோ ஒன்று மாறியது. ஒரு குரல் தரையிலிருந்து எழும்பி வந்தது. தடித்த, கருத்த, தேன் மாதிரி இழையும் குரல். யார் என்று சுற்றிப் பார்த்தேன். சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி மற்றவர்களை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை, கவனிக்கவும் இல்லை. நிஷாதம், தைவதம் என்று இறங்கி, கீழ்ப் பஞ்சமத்தில் போய் நின்றார். நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தேன். உள்ளங்கை நிறைய அதிர்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"சாந்தாமணி, இத்தனை வருசமா இந்தக் குரலை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

அவர் முந்தானை நுனியைத் திருகினார். "உங்க சுருதி எனக்கு எட்டாதுங்க டீச்சர். எறக்குங்கன்னு எப்பிடிங்க கேக்கறது? பாதி நேரம் வாயை மட்டுந்தான் அசைச்சுட்டு இருந்தேனுங்க."

மேல் ஸட்ஜம் போய்விட்டதே என்று மாதக்கணக்கில் அழுதவள் நான். அன்றைக்குத்தான் முதன்முறையாக, போனால் போகட்டும் என்று தோன்றியது.

"இன்னொருக்கா பாடுங்க" என்றேன். முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.